இறங்கலாமா? திரும்பலாமா?

"இப்போதே முடிவு சொல்ல வேண்டும்!" என்று யாராவது வந்து நின்றால் நம்மில் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "ஃபைலை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம்" என்று தப்பித்துக்கொள்வோம். நாளை என்ற பேச்சுக்கே இடமில்லாத ஓர் உத்தியோகஸ்தரின் கதை இது.

1969 ஜூலை 20. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கட்டுப்பாட்டு அறை. ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயது வாலிபர் தம் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். சுமார் 33,000 அடிதான் பாக்கி. திடீரென்று கலத்திலுள்ள கம்ப்யூட்டர் '1202' என்ற அபாய எண்ணைக் காட்டுகிறது! அது என்னவென்று உடனே சொல்லும்படி ஆம்ஸ்ட்ராங் கேட்கிறார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவர் பேல்ஸ். 'இறங்கு' என்று சொல்லி அது தப்பாகிவிட்டால் இரண்டு உயிர்கள் போகும். 'திரும்பு' என்று சொல்லி அது தப்பாகிவிட்டால் அத்தனை பேருடைய உழைப்பும் வீண்.

சில விநாடிகளில் பேல்ஸ் சொல்லிவிட்டார்: இறங்கலாம்!

குருட்டுத் துணிச்சலா? இல்லவே இல்லை. பயணத்துக்குச் சில நாள் முன்பு நடந்த ஒத்திகையில் இதே போன்ற எண் ஒன்று வந்தது. அன்று பேல்ஸ் 'திரும்பு' என்றார். அது தவறு என்று பயிற்சியாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். நாமாயிருந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். தலைமை அதிகாரி ஜீன் கிரான்ஸோ, எல்லா அபாய எண்களையும் அலசிப் பார்க்கும்படி உத்தரவிட்டார். ஜாக் கார்மன் என்ற 24 வயது எஞ்சினீயர் அவற்றைக் கைப்படப் பட்டியல் எழுதித் தம் மேஜையில் வைத்துக்கொண்டார்.

1202 என்றால் கம்ப்யூட்டருக்கு வேலைப் பளு தாங்கவில்லை; சில்லறை வேலைகளைத் தள்ளிவிட்டு முக்கியமானவற்றைக் கவனிக்கிறது என்று அர்த்தம். விடாமல் வந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து. கார்மன் இதைச் சொன்னார். பேல்ஸ் முடிவு செய்தார். பளு எதனால் வந்தது என்று அந்த நிமிஷம் இருவருக்குமே தெரியாது! ஒரு ராடார் செய்த தொந்தரவு அது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

ஆகஸ்ட் 13-ந் தேதி ஜனாதிபதி நிக்ஸன் அளித்த விருந்தில், கட்டுப்பாட்டு அறையினர் சார்பில் விருது பெற்றுக்கொண்டவர் பேல்ஸ்தான்.

எல்லாம் தெரிந்த பிறகே முடிவு என்று காத்திருந்தால் சந்திரன் தூரத்திலேயே நின்றிருக்கும். எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதை அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நேற்று நாம் செய்த தவற்றையும் திட்டு வாங்கியதோடு மறந்துவிடாமல், ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைக்கலாமே!