மணத்தின் மூன்று நிலைகள்

செண்டுக் கடையில் முதல் முகர்விலேயே மயங்கி, உதவித்தொகைப் பணத்தை எடுத்து நீட்டும் நண்பர்களுக்கு வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

வாசனைத் திரவியம் பல பொருள்களின் கலவை. அவை யாவும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஆரஞ்சுத் தோலிலுள்ள லிமோனீனின் கொதிநிலை 176 பாகை செல்சியஸ். அது விரைவில் பறந்துவிடும். வனிலாவுக்கு மணம் தரும் வனிலினுக்கோ 285 பாகை. அது நெடுநேரம் தங்கும். ஆதலால் முதல்மணம் சில நிமிடங்களிலும் இடைமணம் சில மணி நேரத்திலும் மறைய, அடிமணமே எஞ்சி நிற்கிறது.

1921இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய ‘சனேல் எண் 5’ஐ மணிக்கட்டில் இட்டுப் பார்த்தேன். முதலில் எழுந்தது ஆல்டிஹைடுகளின் சவர்க்கார வாடை. பின்னரே ரோஜாவும் மல்லிகையும் வந்தன. பிரான்சின் கிராஸ் நகரில் அதற்கென வளர்க்கும் மல்லிகை, நம் சாதிமல்லியின் இனமே! மாலையில் சந்தனம் மட்டும் மிஞ்சியது. நடிகை எலிசபெத் டெய்லரின் பெயரால் 1991இல் வந்த ‘ஒயிட் டயமண்ட்ஸ்’ எனக்குச் சம்பங்கி மாலையையே நினைவூட்டியது.

நண்பர்களே, புட்டியின் மேலுள்ள பெயர் எதுவாயினும், ஒரு துளி இட்டுக்கொண்டு மாலை வரை பொறுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.