சுயமரியாதையும் தன்மதிப்பும்: உளவியல் அளவுகோல்களில் பண்பாட்டுச் சார்பு (ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து)

திறவுச்சொற்கள்: பண்பாட்டுச் சார்பு, தன்மதிப்பு, சுயமரியாதை, மீள்மொழிபெயர்ப்பு, தொழிலாளர் உளவியல்

முன்னுரை

உளவியல் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் மனித மனம் என்னும் பொதுப்பெயரில் எழுதப்பெறுகின்றன. அம்மனம் யாருடையது என்னும் வினாவை ஜெப்ரி ஆர்னெட் 2008இல் எழுப்பினார். அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆறு இதழ்களில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். மாதிரிகளில் 68 விழுக்காடு அமெரிக்காவைச் சேர்ந்தவை. மேலைத் தொழில்வள நாடுகள் அனைத்தையும் சேர்த்தால் 96 விழுக்காடு. இத்தகைய மாதிரி உலக மக்களுள் விதிவிலக்கானது என்று 2010இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரென்சயான் ஆகியோர் வாதிட்டனர். மாதிரியில் உள்ள இச்சார்பு இன்று பலரும் அறிந்ததே. அளவுகோலுக்குள், அதுவும் பிழையற்ற மொழிபெயர்ப்பின் வழியாகவே நுழையும் சார்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. தமிழில் அதற்குத் தெளிவான சான்றாக அமைவது 'சுயமரியாதை' என்னும் சொல்.

எட்டாம் கூற்று

மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோல் பத்துக் கூற்றுகளை உடையது. ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அது பயன்படுத்தப்பட்டது. அதன் எட்டாம் கூற்று, தன்மீது தனக்கு இன்னும் மிகுதியான மரியாதை இருக்கவேண்டும் என்னும் விருப்பத்தைப் பற்றியது. அதனை ஒப்புக்கொள்பவரின் மதிப்பெண் குறையும். தன்னிடம் இல்லாததையே ஒருவர் விரும்புவார் என்பது இதன் உட்கிடை.

இக்கூற்றைத் தமிழாக்குபவருக்கு முதலில் தோன்றும் சொல் சுயமரியாதை. அகராதி நோக்கில் அதில் குறையில்லை. ஆனால் 1925இல் ஈ.வெ. ராமசாமி தொடங்கிய இயக்கத்திற்குப் பின், அச்சொல் ஒருவர் தம்மைப் பற்றித் தமக்குள் வைத்திருக்கும் மதிப்பீட்டை மட்டும் குறிப்பதன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறப்பதையும் பெண்களின் சொத்துரிமையையும் தீர்மானங்களாக்கியது. குன்றத்தூர் அன்று அம்மாவட்டத்து ஊரே. சுயமரியாதை என்பது பிறர் மறுக்கக் கூடாத உரிமை என்னும் பொருள் இம்மண்ணில் அவ்வாறு வேரூன்றியது. அதனை இன்னும் வேண்டும் என்று கேட்பவர் குறையுடையவர் அல்லர். அது ஓரளவேனும் வாய்க்கப்பெற்றதனாலேயே அவர் கேட்கிறார். அளவுகோலோ அவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய மீள்மொழிபெயர்ப்பு இப்பிழையைக் கண்டறியாது. ஆங்கிலச் சொல் சுயமரியாதை ஆகிறது. சுயமரியாதை மீண்டும் அதே ஆங்கிலச் சொல் ஆகிறது. சோதனை குறைவின்றி முடிகிறது! இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீன மொழி வடிவத்திலும் இதே எட்டாம் கூற்று எஞ்சிய ஒன்பதோடு ஒத்துப்போகாதது சுட்டப்பட்டுள்ளது. டேவிட் ஷ்மிட், யூரி ஆலிக் ஆகியோர் 53 நாடுகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வும், எதிர்மறைக் கூற்றுகள் எல்லாப் பண்பாடுகளிலும் ஒரே வகையாகப் பொருள்கொள்ளப்படுவதில்லை என்றது.

தொழிற்கூடத்தில் மரியாதை

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய பகுதிகளில் 1990களின் பிற்பகுதி முதல் வாகன ஆலைகளும் மின்னணு ஆலைகளும் பெருகின. தென்மாவட்ட இளம்பெண்களும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இங்கு விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி வேலை செய்கின்றனர். தமிழில் மரியாதை வினைமுற்றின் விகுதியிலேயே வெளிப்படும். 'வா' என்பதா, 'வாங்க' என்பதா என்பதை 'லைன்' மேற்பார்வையாளர் ஒவ்வொரு ஷிப்டிலும் முடிவு செய்கிறார். இச்சூழலில் ஒருவரிடம் எட்டாம் கூற்றை வாசித்துக் காட்டினால், அவர் தம் அகத்தை நோக்கி விடையளிப்பாரா, அன்று காலை தம்மை விளித்த குரலை நோக்கியா என்பது விடைத்தாளில் பதிவாவதில்லை.

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதைத் தொடர்ந்து மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அவர்கள் கோரியதை மரியாதை என்று அழைப்பதில் எவருக்கும் தயக்கம் இராது. அதே விருப்பத்தை வினாநிரலில் குறித்தால் அது 'தாழ்ந்த தன்மதிப்பு' என்னும் பெயரைப் பெறும்; அதற்குரிய தீர்வும் விடுதிச் சமையலறையை விட்டுவிட்டு ஆற்றுப்படுத்துநரின் அறைக்குச் சென்றுவிடும். சூழலைப் பண்பாக மாற்றிக் காணும் இப்போக்கை ஜோன் மில்லரின் 1984ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாக்குகிறது. பிறர் நடத்தைக்குச் சிகாகோவின் வயதுவந்தோர் மிகுதியும் தனிமனிதப் பண்பைக் காரணமாகக் கூற, மைசூரின் வயதுவந்தோர் மிகுதியும் சூழலைக் கூறினர்.

தமிழக ஆய்வுகளுக்கும் இதில் பங்குண்டு. சொந்தக் கல்லூரி மாணவரிடம் இணையப் படிவம் வழியே தரவு திரட்டி, 'இளையோர்' என்று தலைப்பிடுவது ஆர்னெட் கண்ட வழக்கத்தின் உள்ளூர் வடிவமே. அகநிலை ஒருமைப்பாட்டைக் காட்டும் ஆல்ஃபா மதிப்பு உயர்ந்திருப்பது இங்கு ஆறுதலாகாது. கூற்றுகள் தம்முள் ஒத்துள்ளன என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை.

'தன்மதிப்பு' என்று சொல்லை மாற்றுவது ஓரளவே பயன்தரும். மதிப்பும் பேச்சுவழக்கில் பிறர் தருவதே. எட்டாம் கூற்றின் மதிப்பெண்ணைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியே காட்டுவதும், விடையளித்த சிலரிடமேனும் யாருடைய மரியாதையை நினைத்துக் குறித்தீர்கள் என்று உடனே கேட்டு, அவர்கள் கூறுவதை அவர்கள் பேச்சிலேயே பதிவதும் முனைவர்பட்ட ஆய்வு ஒன்றின் வசதிக்குள் அடங்கும் வேலைகளே. அவ்வினாவை மேற்பார்வையாளர் நிற்கும் உணவுக்கூடத்தில் கேட்பதும், ஷிப்ட் முடிந்தபின் குன்றத்தூர் வாடகை அறையில் கேட்பதும் ஒன்றல்ல; எங்கே கேட்கப்பட்டது என்பதும் ஆய்வேட்டின் முறையியல் இயலில் இடம்பெற வேண்டும்.