“எழுந்து நில்லுங்க, சக்!” அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்கள் வாய்தவறிய கதைகள் தெரியுமா?

2008 செப்டம்பர். அமெரிக்காவின் மிசூரி மாநிலம், கொலம்பியா நகரம். பிரசார மேடையில் நின்ற ஜோ பைடன் உற்சாகம் பொங்க, அந்த மாநில செனட்டர் சக் கிரகாமைப் பார்த்துச் சொன்னார்: “எழுந்து நில்லுங்க, சக்! எல்லாரும் உங்களைப் பார்க்கட்டும்!” சக் எழவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலியில்! அடுத்த நொடியே தவறு உறைத்தது பைடனுக்கு. அப்படியே பேச்சைத் திருப்பி, “சக்குக்காக நீங்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். விழுந்த இடத்திலேயே எழுந்துகொண்ட மனிதர்!

அப்போது அவர் பராக் ஒபாமாவின் துணை அதிபர் வேட்பாளர். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஸ்பிரிங்ஃபீல்டில் இருவரும் ஜோடி வேட்பாளர்களாக முதன்முதலாக ஒரே மேடை ஏறியபோது, ஒபாமாவை அவர் அறிமுகப்படுத்திய பெயர் என்ன தெரியுமா? “பராக் அமெரிக்கா!” அதோடு முடியவில்லை. பங்குச் சந்தை சரிந்தபோது அதிபர் ரூஸ்வெல்ட் தொலைக்காட்சியில் தோன்றி மக்களுக்கு விளக்கம் சொன்னார் என்று ஒரு பேட்டியில் பெருமையாகக் குறிப்பிட்டார். 1929இல் சந்தை சரிந்தபோது அதிபராக இருந்தவர் ஹூவர். வீடுகளில் தொலைக்காட்சியே கிடையாது! இன்னொரு கூட்டத்தில், தன்னைவிட ஹிலாரி கிளிண்டன் நல்ல தேர்வாக இருந்திருக்கக்கூடும் என்று தானே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் பிறகு ஒபாமா-பைடன் ஜோடி ஜெயித்தது!

அதே தேர்தலில் எதிர்முகாமின் துணை அதிபர் வேட்பாளர், அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின். “என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்” என்று அவர் சொன்னதாக உலகமே நம்புகிறது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை, தெரியுமா? ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் பேலினாக வேடமிட்ட நடிகை டினா ஃபே பேசிய வசனம் அது. அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்பதுதான் பேலின் சொன்னது. அது முழு உண்மை! பெரிங் நீரிணையில் அமெரிக்காவின் சிறிய டயோமிட் தீவுக்கும் ரஷ்யாவின் பெரிய டயோமிட் தீவுக்கும் இடையே ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். பேலின் மற்ற பேட்டிகளில் தடுமாறியது நிஜம். ஆனாலும் சொல்லாத வார்த்தை ஒருவர் பெயரில் நிலைத்துவிடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இப்படி அதிபர், துணை அதிபர் வேட்பாளர்கள் ஜோடியாக நிற்கும் முறையே ஆரம்பத்தில் கிடையாது! யாருக்கு அதிக வாக்கோ அவர் அதிபர், இரண்டாவதாக வந்தவர் துணை அதிபர். அதனால் 1796இல் ஜான் ஆடம்ஸ் அதிபரானபோது, அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சனே துணை அதிபரானார். 1804இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று ஆக்கினார்கள்.

பேசியதால் தோற்றவர்கள் உண்டு. பேசாமலே தோற்றவர் ஒருவர் இருக்கிறார், தெரியுமா? 1916 ஆகஸ்ட். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ், கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரு ஹோட்டலில் சற்று நேரம் தங்கினார். அதே கூரைக்குக் கீழே, அதே நேரத்தில், மாநில ஆளுநர் ஹைரம் ஜான்சன் இருந்தார். லேசுப்பட்ட ஆள் இல்லை அவர். 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட்டோடு துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். இருவரும் சந்திக்கவில்லை! ஜான்சன் அங்கே இருப்பதே ஹியூஸுக்கு அப்போது தெரியாது. ஜான்சனை ஹியூஸ் வேண்டுமென்றே அவமதித்துவிட்டார் என்று பேச்சு பரவியது. நவம்பரில் கலிஃபோர்னியாவை ஹியூஸ் 4,000க்கும் குறைவான வாக்குகளில் இழந்தார். அந்த ஒரு மாநிலம் கிடைத்திருந்தால், எதிர்த்து நின்ற வில்சனுக்குப் பதில் அவர்தான் அதிபர்! அதே நாளில் அதே மாநிலத்தில் ஜான்சன் செனட் தேர்தலில் சுமார் 3 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு கைகுலுக்கல் நடந்திருந்தால் என்று எண்ணும்போதே மலைப்பாக இருக்கிறது.

துணையின் காலை வாரியது தலைவரே என்றால் நம்புவீர்களா? 1960இல் அதிபர் ஐசனோவரிடம், அந்த ஆண்டு அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட துணை அதிபர் நிக்சன் கொடுத்த யோசனை எதையாவது நீங்கள் ஏற்றுக்கொண்டது உண்டா என்று நிருபர் ஒருவர் கேட்டார். ஒரு வாரம் கொடுத்தால் யோசித்துச் சொல்லலாம் என்றார் ஐசனோவர்! கென்னடி தரப்பு அந்தக் காட்சியையே விளம்பரமாக்கி ஓட்டியது. கிட்டத்தட்ட 6 கோடியே 90 லட்சம் வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில் கென்னடி முந்தியது 1 லட்சத்துச் சொச்சம் வாக்குகளில்தான்!

1972க்கு வாருங்கள். அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் அவசர அவசரமாகத் தேர்ந்தெடுத்த துணை வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன். மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்தவர், மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி வெளியானது. “ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன்” என்றார் மெக்கவர்ன். சில நாட்களிலேயே ஈகிள்டன் விலக நேர்ந்தது. மொத்தம் 18 நாள் வேட்பாளர்! என் பார்வையில் அங்கே பிழை ஈகிள்டனின் நோயில் இல்லை. அந்த ஆயிரம் சதவீதத்தில் இருந்தது. மெக்கவர்னுக்குக் கிடைத்த ஒரே மாநிலம் மாசசூசெட்ஸ். கூடவே தலைநகர் வாஷிங்டன். ஈகிள்டனோ மிசூரி மக்களின் ஆதரவோடு மீண்டும் இருமுறை ஜெயித்து, 1987 வரை செனட்டராக இருந்தார்!

1988இல் நடந்த துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில், கென்னடி அதிபர் தேர்தலில் நின்றபோது இருந்த அனுபவம் தனக்கும் உண்டு என்றார் டான் குவேல். “கென்னடி என் நண்பர். நீங்கள் கென்னடி இல்லை” என்று லாயிட் பென்ட்சன் கொடுத்த பதிலடியில் அரங்கம் அதிர்ந்தது. ஜெயித்தது யார் தெரியுமா? குவேல்தான்! ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் தேர்வாளர் (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்) ஒருவர், தன் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸை விட்டுவிட்டு, அதிபர் பதவிக்கே பென்ட்சன் பெயரில் வாக்களித்துவிட்டார். இப்படியும் நடந்திருக்கிறது!

என்னை மிகவும் உலுக்கியது 1992 அக்டோபர் 13, அட்லாண்டா விவாதம். குவேல், அல் கோர் ஆகியோருடன் மூன்றாவதாக நின்றவர், சுயேச்சை அதிபர் வேட்பாளர் ரோஸ் பெரோவின் துணை வேட்பாளர், முன்னாள் கடற்படை அட்மிரல் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். தான் விவாதத்துக்கு வர வேண்டும் என்பதே அவருக்குச் சுமார் ஒரு வாரம் முன்புதான் தெரிந்தது! “நான் யார்? நான் ஏன் இங்கே இருக்கிறேன்?” என்று ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது. பிறகு ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். காது கேட்கும் கருவியை அவர் இயக்கி வைத்திருக்கவில்லை. தடுமாறும் கிழவர் என்று நாடே கேலி செய்தது.

அவர் யார் தெரியுமா? 1965இல் வட வியட்நாமில் விமானம் வீழ்த்தப்பட்டு, ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகப் போர்க்கைதியாக இருந்தவர். சித்திரவதையால் சிதைந்த காலோடு நடந்தவர். பிரசாரப் படம் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், தன்னைக் காட்ட முடியாதபடி முக்காலியால் தன் முகத்தையே அடித்துச் சிதைத்துக்கொண்டவர்! நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர். தான் ஸ்டான்ஃபோர்டில் படித்த, பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸின் தத்துவம்தான் சிறையில் தன்னைத் தாங்கியது என்று எழுதியவர். விவாத மேடையில் அவர் எழுப்பிய அந்த இரண்டு கேள்விகளும் அவருக்குத் தத்துவக் கேள்விகள். பதிலாகத் தன் வாழ்க்கையைச் சொல்ல நினைத்திருந்தார். அந்தக் கேள்விகளுக்குத் திரும்பிப் போக விவாதத்தில் தனக்கு வாய்ப்பே அமையவில்லை என்று, சில ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர் ஜிம் லெரரிடம் வருந்திச் சொன்னார்.