கடலோரத்தில் ‘பாடு’ என்றால் வேறு

மீனவர் நாவல்களைப் படிக்க அகராதி போதாது. காற்றின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

“தமிழ்தான். ஆனால் புரியவில்லை.” ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எடுத்தவர்கள் பலர் முதல் சில பக்கங்களிலேயே சொல்லும் புகார் இது. 2004-இல் வெளிவந்த நாவல். உவரியில் பிறந்த ஆசிரியர், ஆமந்துறை என்று பெயரிட்ட ஒரு பரதவர் ஊரின் மூன்று தலைமுறை வாழ்க்கையை அதில் எழுதினார். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் தமிழ் வாசகர் அதைத் திறந்ததும் அகராதியைத் தேடுகிறார்.

தமிழில் முதுகலை படித்த எனக்கும் அதே கதிதான். நெய்தல் திணையைப் பரீட்சைக்காக உருப்போட்டவர்கள் நாங்கள். திமில் என்றால் படகு, பரதவர் என்றால் மீனவர் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. அதே பரதவரின் வழித்தோன்றல்கள் வாய் திறந்தால் பொருள் பிடிபடவில்லை.

தெரியாத சொற்களைவிட, தெரிந்த சொற்களே அதிகம் ஏமாற்றுகின்றன. ‘மரம்’ என்று வந்தால் நிழலைத் தேடுகிறோம். கடற்கரையில் அது கட்டுமரம். ‘மடி’ என்றால் வலை. ‘பார்’ என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீன் கூடும் இடம், முத்துச்சிப்பி விளையும் இடம். ‘அணியம்’ படகின் முன்பக்கம், ‘அமரம்’ பின்பக்கம். டால்பின் என்று நாம் எழுதுவதற்கு ‘ஓங்கல்’ என்ற அழகான பெயர் ஏற்கெனவே உண்டு. ‘பாடு’ என்றால் நமக்குத் துன்பம். அவர்களுக்கு அன்றைக்கு வலையில் கிடைத்த மீன்.

அடுத்தது காற்று. நமக்குத் தெரிந்தவை தென்றலும் வாடையும். இரண்டையும் கவிதையோடு விட்டுவிட்டோம். கடலோரத்தில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். ஊருக்கு ஊர் இது சற்று மாறும். நீரோட்டத்துக்கும் ‘நீவாடு’ என்று தனிப் பெயர் உண்டு.

பதிப்பாளர்கள் வழக்கமாகச் செய்வது, புத்தகத்தின் கடைசியில் ஒரு சொற்பட்டியல். ‘கச்சான் – மேல்காற்று’ என்று அது சொல்லும். சொன்னது சரி, ஆனால் வேண்டியது அதில் இல்லை. கிழக்குப் பார்த்த கரையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பாய் விரித்த மரத்தைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும். விடியலில் கடலுக்குப் போகிறவனுக்கு அது உதவி. திரும்பி வருகிறவனுக்கு அதுவே பகை. ‘கச்சான் பலத்துவிட்டது’ என்று ஒருவன் சொன்னால், கரையில் நிற்கும் பெண்ணின் வயிறு கலங்கும். ‘மேல்காற்று பலமாக வீசியது’ என்று மாற்றி எழுதினால் அந்தக் கலக்கம் வாசகருக்கு வந்து சேராது.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956-இல் மலையாளத்தில் வந்தது. அதைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால். ஆனால் தமிழ் நூலுக்கும் ‘செம்மீன்’ என்பதே தலைப்பு. சங்கத் தமிழிலோ செம்மீன் என்பது கற்புக்கு உவமையான அருந்ததி. கரையில் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலில் கணவன் பிழைப்பான் என்ற நம்பிக்கையைச் சுற்றி நடக்கும் கதைக்கு, தற்செயலாகவே ஒரு கூடுதல் பொருள் கிடைத்துவிட்டது. ‘இறால்’ என்று மாற்றியிருந்தால் தலைப்பு எளிதாகப் புரிந்திருக்கும்; வேறெதுவும் மிஞ்சியிருக்காது.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. ஆங்கிலம் நம் கட்டுமரத்தை ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. மரங்களைக் கயிற்றால் கட்டி, அலையில் நனைந்தபடி துடுப்புப் போட்ட மனிதன் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல், 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்தவர்; அந்த மக்களுக்காகவே அச்சான நூல் அது. தமிழ் அச்சின் முதல் வாசகர்களாக இருந்தவர்களின் பேச்சு, நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாவலில் ஏறும்போது ‘புரியாத தமிழ்’ ஆகிவிட்டது. மருதத்தின் தமிழைப் பொதுத்தமிழாக்கி, நெய்தலின் தமிழை வட்டார வழக்காக்கியது யார் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

இது இலக்கிய ரசனையோடு முடிகிற விஷயமும் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல கரைகளில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்தன. எஞ்சின் வந்தபின் பாய்க்கு வேலையில்லை. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் தூரத்து மலையையும் நேர்க்கோட்டில் வைத்துப் பாரின் இடத்தைக் கண்டுபிடித்த கண்களுக்குப் பதிலாக, ஜிபிஎஸ் கருவி எண்களைக் காட்டுகிறது. உயிருக்கும் உடலுக்கும் அது நல்லதே. வேண்டாம் என்று கரையில் உட்கார்ந்திருக்கும் யாரும் சொல்ல முடியாது. ஆனால் தொழில் மாறும்போது சொல்லும் போகிறது. சொல்லோடு, எந்தக் காற்றில் எந்த நீவாடு எங்கே இழுக்கும் என்ற பலநூறு ஆண்டு அனுபவமும் போகிறது. அதை எழுதிவைத்த பாடப்புத்தகம் கிடையாது. நாவல்தான் உண்டு.

எனவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இருபதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். முதல்முறை தடுக்கிய சொல் நான்காம் முறை வரும்போது தானாகவே பொருள் சொல்லும். புதிய ஊரில் குடியேறியவர் தெருப்பெயர்களைப் பழகிக்கொள்வதைப் போலத்தான். முந்நூறாம் பக்கத்தில் ஒருவன் கரையேறும்போது, “பாடு எப்படி?” என்று கேட்பது யாருடைய குரல் என்று பாருங்கள். அது உங்கள் குரலாக இருக்கும்.