கண் இடம் மாறிய மீன்

லண்டன் நகரின் நடுவே ஓடும் தேம்ஸ் ஆறு தினமும் இருமுறை பின்னோக்கி ஓடுகிறது. காரணம் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அசைவு. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, டெடிங்டன் மதகு வரை அது வந்து முட்டுகிறது. சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். லண்டன் பாலத்தடியிலோ பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஆறு மீட்டரைத் தாண்டும். அந்தக் கலங்கல் நீரின் அடியில் சேற்றோடு சேறாகக் கிடக்கிறது ஒரு சிறு தட்டைமீன், ஃப்ளவுண்டர். நம் மீன்கடை நாக்குமீனுக்குத் தூரத்து உறவு.

பிறக்கும்போது அது தட்டையே இல்லை. கடலில் மிதக்கும் முட்டையிலிருந்து வரும் குஞ்சு, பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்தும். சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் தைராய்டு சுரப்பு பெருகுகிறது, மண்டையோடு முறுகுகிறது, இடக்கண் உச்சந்தலையைக் கடந்து வலப்பக்கம் வந்து சேர்கிறது. பிறகு இடப்பக்கமே அடிப்பக்கம். அது வெளுப்பாகவே இருக்கும். தட்டைமீன் இனங்களில் பல இந்தப் பக்க விஷயத்தில் கறார். ஃப்ளவுண்டருக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. சில நீர்நிலைகளில் பத்துக்கு மூன்று மீன்கள் வரை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்!

நகத்தளவு குஞ்சு, தன்னைவிடப் பலமடங்கு வேகமான ஆற்றில் எப்படி மேலேறி வருகிறது? நீந்தியல்ல. நீர் உள்ளே பாயும்போது அடியிலிருந்து மேலே எழும்பி ஓட்டத்தில் மிதக்கும். நீர் வடியத் தொடங்கினால் தரையில் படிந்துகொள்ளும். நம் ஊர் போகும் பஸ்ஸில் மட்டும் ஏறி, அது திரும்பும்முன் இறங்கிக்கொள்வதுபோல. அறிவியலாளர்கள் இதை ஓதத் தேர்வுப் பயணம் என்கிறார்கள்: ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முதுகில் செல்வது.

வளர்ந்த மீனும் ஓதத்தின் நேரப்படிதான் சாப்பிடுகிறது. நீர் ஏறி சேற்றுத்திட்டுகளை மூடும்போது, அதன் விளிம்போடு வந்து புழுவையும் சிறு இறாலையும் பொறுக்கும். வடியும்போது வாய்க்கால் பள்ளங்களுக்குத் திரும்பும். ஆகவே அனுபவமுள்ள தூண்டில்காரர்கள் மீனைத் தேடுவது நீர் வற்றிய நேரத்தில்தான். புழுக்கள் கக்கிய மண்சுருள்கள் எங்கே அதிகம், வாய்க்கால் எந்த வழி வளைகிறது என்று தரையைப் படித்து வைத்துக்கொண்டு, ஏற்றத்தோடு அதே இடத்தில் தூண்டில் போடுவார்கள்.

தூண்டிலிலும் ஒரு தந்திரம் உண்டு. புழு குத்திய முள்ளுக்கு முன்னால் வெள்ளைக் கரண்டித் தகடு ஒன்றைக் கட்டி, அடித்தரையில் மெல்ல இழுப்பார்கள். தகடு தட்டிய இடமெல்லாம் சேறு புகையாய்க் கிளம்பும். இன்னொரு ஃப்ளவுண்டர் இரையோடு ஓடுகிறது என்று எண்ணி மீன் துரத்துகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். மீனின் பொறாமையை நம்பி நடக்கும் தொழில் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேம்ஸில் மீனைத் தேடியும் காணாத காலம் உண்டு. 1957-இல் அதன் ஒரு நீண்ட பகுதியில் உயிரே இல்லை என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்தது. கழிவு, ஆற்றுநீரின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருந்தது. 1960-களில் கழிவுச் சுத்திகரிப்பு மேம்பட்டபோது, மீன் திரும்புகிறதா என்று பார்க்க அந்த அருங்காட்சியகத்தின் மீனியலாளர் ஆல்வின் வீலர் வலை வீசிக்கொண்டிருக்கவில்லை. அனல்மின் நிலையங்கள் குளிர்விக்க உறிஞ்சும் ஆற்றுநீரின் சல்லடைகளில் சிக்கியவற்றைக் கேட்டு வாங்கினார். ஆறு தன் கணக்கைத் தானே கொண்டுவந்து கொடுத்தது.

ஃப்ளவுண்டரைப் பிடிக்க இவை எல்லாவற்றையும்விட எளிய முறை ஸ்காட்லாந்தில், சால்வே விரிகுடாவை ஒட்டிய பால்னாக்கி கிராமத்தில் இருந்தது. ஆண்டுதோறும் உலகப் போட்டியாகவே நடத்தினார்கள். தூண்டில் இல்லை, வலை இல்லை. கலங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். பாதத்துக்கடியில் சேறு நெளிந்தால் அது மீன். கூச்சப்படுகிறவர் அனிச்சையாகக் காலைத் தூக்கிவிடுவார், மீனும் போய்விடும். அழுத்தி நின்று, குனிந்து, கையால் பிடித்துத் தூக்க வேண்டும். எடை மிகுந்த மீனுக்குப் பரிசு.