கடன் அட்டையும் குறைந்தபட்சத் தொகையும்

அன்று தோட்டத்துக் கடையில் பற்று எழுதிய நம்மவர், சம்பள நாளில் தீர்த்தனர். கடன் அட்டைக்கும் அதுவே நெறி: பொருள் வாங்கிய கணக்கைத் தவணைக்குள் முழுமையாகக் கட்டினால் வட்டியில்லை. இடர்ப்பாடு ‘குறைந்தபட்சத் தொகை’ என்பதில்தான் தொடங்குகிறது. மலேசியாவில் அது பொதுவாக நிலுவையில் நூற்றுக்கு 5. வட்டியோ ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வரை ஏறும். 1,000 வெள்ளி நிலுவைக்கு 50 வெள்ளி கட்டுவோர்க்கு, ஏறத்தாழ 15 வெள்ளி வட்டிக்கே போகும். அசலில் குறைவது 35தான். ஆதலின் இயன்ற அளவு கூடுதலாகக் கட்டுக. கடன் தீரும்வரை அட்டையில் புதுச்செலவு ஏற்றலாகாது. கைமீறினால் ஆலோங்கிடம் போகாமல், பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ஏ.கே.பி.கே. அமைப்பை அணுகுக, ஆலோசனைக்குக் கட்டணமில்லை. நூற்றுவீதம் கற்பிக்கும் ஆசிரியர் இக்கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டுதல் நன்று.