அடுப்பை அணைக்காத குடல்: ஐபிடி எப்படி இயங்குகிறது?

ஐபிடி எனப்படும் நாள்பட்ட குடல் அழற்சி நோய்களில் ஒன்று கிரோன்ஸ். அது உள்ள இருவருக்கு ஒரே ஊசி போடப்படுகிறது. ஒருவருக்கு வயிற்றுவலி அடங்கி எடை ஏறுகிறது. மற்றவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. குடலின் நோயெதிர்ப்புச் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஆளுக்கு ஆள் மாறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டை வைத்து இதைப் பார்ப்போம்.

1. குரல் கொடுப்பவர்

பந்தி விசாரிக்கிறவர் எட்டிப் பார்த்து, "அடுத்த பந்தி உட்காருது, சாம்பார் ஏத்து!" என்று கத்துவார். குடலில் அந்த வேலை மேக்ரோஃபேஜ் போன்ற காவல் செல்களுடையது. குடலின் உட்பரப்பு ஒரே ஒரு செல் அடுக்குதான். அதற்கு அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். அவை அடுக்கைத் தாண்டினால் காவல் செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-23 முதலிய சைட்டோகைன் புரதங்களைச் சுரக்கும். இவைதான் குரல்கள்.

2. காதிலிருந்து அடுப்புக்கு

குரல் சமையல் மாஸ்டர் காதில் விழுந்தால் மட்டும் போதாது, அடுப்பு எரிய வேண்டும். இன்டர்லூக்கின்-23, டி-செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் காதான ஏற்பியில் ஒட்டியதும், உள்ளே ஜாக்-2, டிக்-2 என்ற நொதிகள் விழித்துக்கொள்ளும். அவை ஸ்டாட்-3 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை முத்திரைபோல் குத்தும். முத்திரை விழுந்த ஸ்டாட்-3 உட்கருவுக்குள் போய், அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும்.

3. "போதும்" என்பவர்

பந்தி முடிந்தால் "போதும், அணை" என்று சொல்லவும் ஆள் வேண்டும். குடலில் அந்தக் குரல் இன்டர்லூக்கின்-10. அதைக் கேட்கும் ஏற்பியிலேயே மரபணுப் பழுது இருந்தால், பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வரும் என்பது 2009-இல் தெரியவந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் அந்தக் குழந்தைகள் தேற முடிகிறது.

4. ஆளுக்கொரு பிசகு

பெரும்பாலோருக்குப் பிசகு இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. சிலருக்கு, பாக்டீரியாவை அடையாளம் காணும் நாட்-2 மரபணுவில் மாற்றம். கிரோன்ஸுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 2001-இல் வெளியானது. வேறு சிலரின் குடலில் ஆன்கோஸ்டேட்டின்-எம் என்ற குரல் ஓங்கி ஒலிக்கும். அது மிகுந்தவர்களுக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து சரியாகப் பிடிப்பதில்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. எண்டோஸ்கோப்பியில் எல்லாம் ஒரே மாதிரிப் புண்ணாகத்தான் தெரியும். ஆனால் அடுப்பைத் தூண்டும் குரல் ஆளுக்கு ஆள் வேறு.

5. மருந்து எங்கே கைவைக்கிறது?

1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃபிளிக்சிமாப், டிஎன்எஃப் குரலை அடைக்கும். உஸ்டெகினுமாப் இன்டர்லூக்கின்-12, 23 இரண்டையும் அடைக்கும். வெடோலிசுமாப் எந்தக் குரலையும் தொடாது; ரத்தத்திலிருந்து புது ஆட்கள் குடலுக்குள் வரும் வாசலை மூடும். டோஃபாசிடினிப் மாத்திரை, காதுக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள ஜாக் நொதிகளைத் தடுக்கும்.

எல்லாக் குரலையும் அடைத்துவிடவும் முடியாது. இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் மருந்தைக் கிரோன்ஸில் சோதித்தபோது, நோய் தணியாததோடு சிலருக்கு முற்றவும் செய்தது. அந்தக் குரல் குடற்சுவரைக் காப்பதிலும் பங்கெடுக்கிறது. டிஎன்எஃப் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதற்கும் தேவை. அதனால் நம் நாட்டில் டிஎன்எஃப் தடுப்பு ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

டிஎன்எஃப் தடுப்பு மருந்து அதிகபட்சம் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொடக்கத்திலேயே பலிக்காமல் போகிறது. அது நோயாளியின் பத்தியக் குறைவும் அல்ல, மனத்தைரியக் குறைவும் அல்ல. ரத்தத்தில் மருந்தின் அளவு போதுமா, உடல் அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அளவு சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், வேறு குரலை அடைக்கும் மருந்துக்கு மாறலாம். முதல் ஊசி கைவிட்டது என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.